ஒரு பக்கம் மட்டும் காயம்

அத்தியாயம் ஐந்து

செங்கம் சாலையின் அந்தப் பகுதியில் மன அமைதி விற்காத கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பஞ்சர் கடை. கஸ்தூரி தன் ஸ்கூட்டரை அதன் வாசலில் நிறுத்தினாள்.

“எதிர்ல நிழல் இருக்கு மேடம்,” என்றான் மாறன், பின்னிருக்கையிலிருந்து இறங்கியபடி.

“எதிர்ல மூச்சுப் பயிற்சிக் கூடம். நிறுத்தினா நம்ம நுரையீரலைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் விடுவாங்க. வா.”

கஸ்தூரி பல வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் திருட்டு இழப்பீடுகளைப் பரிசோதித்தவள். திருட்டுப் போகாத நகைகளுக்காக அழுதவர்களைப் பார்த்துப் பார்த்து மனித இனத்தின்மேல் இருந்த மரியாதை தேய்ந்துபோக, வேலையை விட்டுவிட்டு சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்திருந்தாள். மாறன் அவளுடைய உதவியாளன். சம்பளம் கம்மி, வாய் ஜாஸ்தி.

‘வலஞ்சுழி தியானக் கூடம்’ என்ற பலகைக்குக் கீழே தமிழ்செல்வி நின்றிருந்தாள். காலையில் போனில் அழாமல் பேசியவள், நேரிலும் அழவில்லை. அவளுடைய கணவன் பாலாஜி இந்தக் கூடத்தில் மின் வேலையும் தச்சு வேலையும் பார்ப்பவன். காலையில் அடி அண்ணாமலையில் இருக்கிற வீட்டுக்கே வந்து போலீஸ் அவனைக் கூட்டிப் போயிருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள எஃப்.ஐ.ஆர். போட்டுடுவேன்னு எஸ்.ஐ. சொல்றாருங்க மேடம். எங்க வூட்டுக்காரருக்கு ஒரகடத்துல கம்பெனி வேலை கெடச்சிருக்கு. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. கேஸுனு ஒண்ணு ஏறிடுச்சுனா யாருங்க எடுப்பாங்க?”

“அவர் எடுத்தாரா?”

“எடுத்திருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்? நேரா வக்கீல்கிட்ட போயிருப்பேன்.”

கஸ்தூரி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். “உள்ள வாங்க. நீங்களும் கூட இருக்கணும்.”

கூடத்துக்குள் காலடி வைத்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. பளிங்குத் தரை, பட்டுத் திரைகள், சுவரில் ஆளுயரச் சுருள் வடிவங்கள். கூரையில் மட்டும் மின்விசிறி இருந்திருக்க வேண்டிய இடங்களில் கொக்கிகள் தொங்கின. நடுவில் ஒரு மரப் பீடம். அதன்மேல் தடித்த மெத்தை, அதற்கும் மேல் பிரசாத்ஜி. நாற்பது வயதுக்கு அறுபது வயதின் தாடி. சென்னையில் ஏதோ கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் தூக்குவதுமாக இருந்தவர், இப்போது ஆன்மாக்களுக்கு அதே சேவையைச் செய்து வந்தார்.

எஸ்.ஐ. செழியன் தேக்குச் சட்டமிட்ட கண்ணாடிப் பேழை ஒன்றின் அருகே வியர்த்து நின்றார். அவர் காலடியில் பாலாஜியின் கருவிப் பை.

“இன்னா மேடம், இன்ஷூரன்ஸ் கூட இல்லாத கேஸுக்கெல்லாம் வரீங்க?” என்றார் செழியன்.

“இன்ஷூரன்ஸ் இல்லாத இடத்துலதான் சார் சுவாரசியமா பொய் சொல்வாங்க. இன்னா போச்சு?”

பதில் பீடத்திலிருந்து வந்தது. “பாதுகைகள் போகவில்லை, அம்மா. அவை எங்கும் போகாது. நம் பார்வையிலிருந்து விலகியிருக்கின்றன.”

“அப்போ கேஸ் எதுக்குங்க?” என்றான் மாறன்.

பிரசாத்ஜி அவனுக்காகக் கண்களை மூடித் திறந்தார். “எங்கள் பரமகுருவின் பாதம் பட்டவை. சந்தன மரம், மேலே வெள்ளித் தகடு. இருநூறு வருடப் பழமை. பௌர்ணமி அன்று கிரிவலத்தில் அவற்றைத் தலையில் சுமந்து செல்வது எங்கள் மரபு. பாலாஜியை நான் மன்னித்துவிட்டேன். சட்டம் மன்னிக்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்கமாட்டேன்.”

“பெரிய மனசு,” என்றாள் கஸ்தூரி. தமிழ்செல்வியின் தாடை இறுகியதைக் கவனித்தாள்.

செழியன் விவரித்தார். நேற்று மாலை தியானம் முடிந்ததும் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் சுவிட்ச் ஒன்றைப் பழுது பார்க்க வந்த பாலாஜி, கருவிப் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று காலையில் பேழை காலி. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கதவின் கீல்களில் உள்ள ஆறு திருகாணிகளும் சிதைந்து கிடக்கின்றன.

“கீலைக் கழட்டி, கதவை எடுத்து, சாமானை எடுத்துகினு, மறுபடியும் மாட்டிட்டுப் போயிருக்கான். இந்த இடத்துல ஸ்க்ரூடிரைவர் வெச்சிருக்கறது அவன் ஒருத்தன்தான். சிம்பிள்.”

“அந்தக் கணக்குப் பார்த்தா, ஊர்ல நடக்கற எல்லாக் கத்திக்குத்துக்கும் சமையல்காரங்களைத்தான் புடிக்கணும்,” என்றான் மாறன்.

“இவர் யாரு?”

“என் அசிஸ்டென்ட். காதுல வாங்காதீங்க, நானே வாங்கறதில்ல.” கஸ்தூரி குனிந்து, கைப்பேசியின் விளக்கைக் கீலின்மேல் சாய்வாக அடித்தாள். மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல், ஒவ்வொன்றிலும் மூன்று திருகாணிகள். தலையில் சிலுவைக் குழி கொண்ட, கடைக்காரர்கள் ஸ்டார் ஸ்க்ரூ என்று கொடுக்கும் வகை. குழிகளின் ஓரம் கடித்துக் குதறப்பட்டிருந்தது. அவள் நகத்தால் ஒரு தலையைச் சுற்றி மெதுவாக வருடினாள். பிறகு அடுத்ததை. ஆறையும் வருடி முடித்தபோது அவள் உதட்டில் ஓர் ஏளனம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள்.

“மாறா, இது இன்னா மாதிரி தெரியுது?”

மாறன் கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தான். சிலுவையின் நான்கு கைகளிலும் ஒரு பக்கச் சுவர் மட்டும் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. எதிர்ச் சுவர் புதுசு போல நேராக நின்றது.

“பனை ஓலைக் காத்தாடி மாதிரி இருக்கு மேடம். ஊதினா சுத்தும்போல.”

“ஆறும்?”

“ஆறும். எல்லாம் ஒரே பக்கம் சாயுது.”

“நல்லது. பூட்டோட சாவி யார்கிட்டங்க இருக்கு?”

ஒன்று பிரசாத்ஜியின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. மற்றொன்று கூடத்தின் மேலாளர் வேதாவிடம். வேதா அப்போதுதான் சமையலறைப் பக்கமிருந்து வந்து, கைகளைத் துடைத்தபடி, சாவி என்ற சொல்லைக் கேட்டு நின்றாள். ஐம்பது வயது. மூக்குக் கண்ணாடி நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கியது.

“என்னுது என் மேஜைல இருக்கு. பூட்டாத மேஜை,” என்றாள், யாரும் கேட்கும் முன்பே.

மாறன் கஸ்தூரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கஸ்தூரி கை கழுவ வேண்டும் என்று சொல்லி, வேதாவையும் அழைத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். மாறனும் பின்னாலேயே போனான்.

பின்கட்டில் வரிசையாகக் குழாய்கள். எல்லாமே தலையில் அழுத்தினால் கொட்டி, கையை எடுத்தால் நின்றுவிடும் ரயில் பெட்டி வகை. கஸ்தூரி அழுத்தினாள், சோப்புப் போட்டாள், மறுபடி அழுத்தினாள்.

“ஏங்க, திருகற குழாய் வெச்சா தண்ணி வராதா?”

வேதா பெருமூச்சு விட்டாள். “திருகற குழாயைத் தொறக்கணும்னா இடப்பக்கம் சுத்தணுமே. இங்க எதுவும் இடப்பக்கம் சுத்தக் கூடாது. பிரபஞ்சமே வலமாத்தான் சுத்துதாம், மலையை வலமாத்தான் வரோமாம். சாம்பார்ல கரண்டியைக்கூட வலமாத்தான் துழாவணும். போன மாசம் ஸ்வாமி கீழ நின்னு அண்ணாந்து பார்த்தாரு. ஃபேன் எல்லாம் இடமா சுத்துதுன்னு கண்டுபுடிச்சாரு. மறுநாளே கழட்டச் சொல்லிட்டாரு. அதான் வேவறோம்.”

“மாடியில ஏறி மேல இருந்து பார்த்திருந்தா வலமாத்தான் சுத்தியிருக்கும்,” என்றான் மாறன்.

“அதை நான் சொன்னேன். நீ இன்னும் கீழே இருந்துதான் பார்க்கிறாய்னு தத்துவம் சொன்னாரு. தண்ணி பாட்டில் மூடியைக்கூட அவரா தொறக்கறதில்ல. யாராவது தொறந்து குடுக்கணும்.”

“நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?”

“சம்பளம் வருது, ஞானம் வந்தா போயிடுவேன்,” என்றாள் வேதா. மூக்குக் கண்ணாடியின் காது கழன்று தொங்க, பின்கட்டு மூலையில் இருந்த தன் மேஜையின் இழுப்பறையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து அங்கேயே முடுக்கினாள்.

மாறனின் கண்கள் விரிந்தன. வேதா சாம்பாரைப் பார்க்கப் போனதும் அவன் கிசுகிசுத்தான். “மேடம்! சாவி இருக்கு, திருப்புளி இருக்கு, முதலாளி மேல கோவமும் இருக்கு. இதுக்கு மேல ஒரு ஆள் இன்னா வெச்சிருக்கணும்? கொம்பா?”

“அந்தக் குச்சியால கீல் ஸ்க்ரூவைத் திருகினா குச்சிதான் ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கும். கொஞ்சம் மூளையைத் திருகு.” கஸ்தூரி துணியில் கையைத் துடைத்தாள். “அந்தக் காலத்துல ஐரோப்பாவுல கவசம் பண்றவனும் துப்பாக்கி பண்றவனும்தான் ஸ்க்ரூ வெச்சிருந்தாங்க. தலையில ஒரே ஒரு கீறல். ஒவ்வொண்ணும் கையால அரம் போட்டு ராவினது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.”

“எங்க அத்தை சுடற முறுக்கு மாதிரி.”

“அந்தக் கீறலுக்கு ஒரு நல்ல குணம், காசு விட்டாலும் திரும்பும், கத்தி முனை விட்டாலும் திரும்பும். ஒரு கெட்ட குணம், வழுக்கும். வழுக்கிக் கையைக் கிழிக்கும். மெஷின் வெச்சு காருக்கு முடுக்க ஆரம்பிச்சதும் அது சரிப்படல. அமெரிக்காவுல இந்தச் சிலுவைக் குழி வந்தது அப்பதான். திருப்புளி தானா நடுவுல போய் உக்காந்துக்கும். ஆனா அளவுக்கு மீறி முறுக்கினா மேல ஏறி வெளிய குதிச்சிடும். அதை வேணும்னே அப்படிச் செஞ்சாங்களா, தானா அமைஞ்சுதானு இன்னும் சண்டை போட்டுகினு இருக்காங்க. எப்படியோ, குதிக்கறப்ப எந்தச் சுவரை முட்டித் தள்ளுச்சோ அந்தச் சுவரைத் தின்னுட்டுத்தான் குதிக்கும்.”

மாறன் காற்றில் ஒரு திருப்புளியைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். வாய் பாதி திறந்தபடி நின்றது.

“வாயை மூடு. வேதாம்மா!” கஸ்தூரி சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். “பௌர்ணமிக்கு விசேஷமா யாராவது வராங்களா?”

“கவிநிலானு ஒரு பொண்ணு. மியூசியத்துல பழைய மரச் சாமான் எல்லாம் சரி பண்ற வேலை. பாதுகையைக் கையில எடுத்து, திருப்பி, அடிப்பக்கம் எல்லாம் போட்டோ எடுக்கணும்னு கேட்டாங்களாம். ஸ்வாமிகிட்டதான் போன்ல பேசினாங்க. அன்னிக்குப் பூரா ஸ்வாமி சாப்பிடல. விரதம்னாரு.”

கஸ்தூரி கூடத்துக்குத் திரும்பினாள்.

செழியன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்செல்வி சுவரோரம் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“எஸ்.ஐ. சார், நீங்க சொல்றது சரியாவும் இருக்கலாம்,” என்றாள் கஸ்தூரி. தமிழ்செல்வி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “இந்த மாதிரி ஸ்க்ரூவை அசைக்க வேலை செஞ்சு காய்ச்சுப்போன கை வேணும். ஆனா கோர்ட்டுல வக்கீல் கேப்பாரு, வேற யாராலயும் முடியாதான்னு. அதுக்கு ஒரு சோதனை பண்ணிடலாம்.” பேழைக்குப் பக்கத்தில் இருந்த புத்தக அலமாரியைக் காட்டினாள். அதே தேக்கு, அதே கீல், அதே பாலிஷ். பாலாஜி இரண்டையும் ஒன்றாகச் செய்து, கீல்களை மாட்டிய பிறகு திருகாணித் தலைகளையும் சேர்த்து மேலே பாலிஷ் அடித்தது. “ஸ்வாமி, உடல் உழைப்பே இல்லாத கைன்னா அது உங்க கைதான். நீங்க ஒரு ஸ்க்ரூவை முயற்சி பண்ணி, முடியலைன்னு காட்டிட்டீங்கன்னா, பாலாஜி மேல இருக்கற கேஸ் இன்னும் பலமாயிடும்.”

“மேடம்!” என்றாள் தமிழ்செல்வி.

“சும்மா இருங்க.”

உழைப்பே இல்லாத கை என்பதைப் பிரசாத்ஜி பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். பீடத்திலிருந்து இறங்கி வந்தார். கஸ்தூரி கருவிப் பையிலிருந்து ஸ்டார் திருப்புளியை எடுத்து நீட்டினாள். பிரசாத்ஜி அதை ஓர் அபூர்வ மூலிகையைப் போல இரண்டு விரலால் வாங்கி, பிறகு எல்லா விரலாலும் பற்றி, குழியில் வைத்து அழுத்தித் திருப்பினார். நழுவியது. மறுபடி திருப்பினார். குழியின் ஓரத்திலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. மூன்றாவது முறை நழுவியபோது திருப்புளி பாலிஷில் நீளமாகக் கோடு போட்டது. அவர் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது.

“பார்த்தீர்களா?” என்றார், மூச்சு வாங்க, மகிழ்ச்சியோடு. “இதற்கென்றே பிறந்த கை வேண்டும்.”

“இடப்பக்கமா திருப்பிப் பாருங்களேன்.”

பிரசாத்ஜியின் முகம் மாறியது. “இந்தக் கூடத்திலா? இடஞ்சுழியா? இந்தக் கை பிறந்ததிலிருந்து எதையும் இடமாகச் சுற்றியதில்லை, அம்மா.”

“தெரியுது. சார், நீங்க வாங்க. பக்கத்து ஸ்க்ரூ. சாதாரண மனுஷன் மாதிரி, இடப்பக்கம்.”

செழியன் திருப்புளியை வாங்கி, வைத்து, இடப்பக்கம் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். திருகாணித் தலையைச் சுற்றியிருந்த பாலிஷ் வளையம் வெடித்துப் பொறுக்குகளாகத் தரையில் கொட்டியது. அடுத்த சுற்றில் திருகாணி எழுந்து வந்தது. செழியனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

“இப்ப பேழையைப் பாருங்க சார். அந்த ஆறு தலையைச் சுத்தியும் பாலிஷ் எங்கயாவது வெடிச்சிருக்கா?”

செழியன் குனிந்தார். நகத்தால் வருடினார். நிமிராமலே, “இல்ல,” என்றார்.

“பாலாஜி மாட்டின நாள்லேர்ந்து அந்த ஸ்க்ரூ ஒரு நூல்கூடத் திரும்பல. கீலை யாரும் கழட்டல. சாவி போட்டுத் தொறந்து, எடுத்து, பூட்டிட்டு, அப்புறம் ஸ்க்ரூவைக் கழட்டின மாதிரி நாடகம் ஆட நினைச்சிருக்காங்க. கழட்டவும் முடியல. ஏன்னா முடுக்கற பக்கமா திருகிகினே இருந்திருக்காங்க. ஏற்கெனவே முடுக்கினதை இன்னும் முடுக்கினா அது எங்க போகும்? அதான் ஆறுலயும் ஒரே பக்கச் சுவர் காலி.” கஸ்தூரி அலமாரியில் பிரசாத்ஜி சிதைத்த திருகாணியின்மேல் விளக்கை அடித்தாள். “இந்த ஏழாவதையும் பாருங்க. இது உங்க கண்ணு முன்னாடியே ஆனது.”

நான்கு கைகள். நான்கிலும் ஒரே பக்கம். ஊதினால் சுத்தும்போல.

“வேதாம்மா கண்ணாடியைக்கூட ரெண்டு பக்கமும் திருகத் தெரிஞ்சவங்க,” என்றான் மாறன், சற்று முன் அவளைத்தான் சந்தேகித்தோம் என்ற நினைவே இல்லாதவன் போல. “பாலாஜி தச்சர். திருவண்ணாமலைல ஒரு ஸ்க்ரூவைக் கழட்ட வலமா சுத்தற ஆள் ஒருத்தர்தான் சார் இருக்காரு.”

“வலம் என்பது பிரபஞ்ச நியதி...” என்று ஆரம்பித்தார் பிரசாத்ஜி.

“பிரபஞ்சம் இல்லைங்க. பெரும்பாலான ஆளுங்களுக்கு வலது கைதான் பழக்கம். அந்தக் கை வெளிப்பக்கமா திரும்பறப்ப பலம் ஜாஸ்தி. அதான் ஸ்க்ரூ வலமா இறங்குதுன்னு சொல்றாங்க. சைக்கிளோட இடப்பக்க பெடலைப் பாருங்க, அதோட திருகு மரையே தலைகீழா இருக்கும். அந்த பெடலுக்கு உங்க நியதியை யாரும் சொல்லல போலருக்கு.” கஸ்தூரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். “வெளிய எடுத்துகினு போயிருக்க மாட்டீங்க. வாசல்ல எப்பவும் பக்தருங்க. யார் கையும் படாத இடம் இந்தக் கூடத்துல ஒண்ணுதான் இருக்கு.”

எல்லோரும் பீடத்தைப் பார்த்தார்கள். செழியன் தயங்கினார். மெத்தையில் அந்தக் கூடத்தின் புனிதச் சுருள் நெய்யப்பட்டிருந்தது. பூட்ஸ் காலோடு அதனருகில் போக அவருக்கு மனம் வரவில்லை.

தமிழ்செல்வி போனாள். மெத்தையின் ஒரு மூலையைப் பிடித்து, வீட்டில் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி ஒரு பக்கம் தள்ளினாள். பட்டுத் துணியில் சுற்றிய மூட்டை ஒன்று பலகையில் கிடந்தது. அவள் அதைப் பிரித்தாள். வெள்ளி பளபளத்தது. அவள் ஒரு பாதுகையை எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கத்தில், கால்விரல் பற்றும் குமிழுக்கு நேர் கீழே, பித்தளை நிறத்தில் ஒரு திருகாணித் தலை. அதில் ஒரு சிலுவைக் குழி.

“ஸ்டார் ஸ்க்ரூ!” என்று மாறன் கத்தினான். “பரமகுரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருக்காரு!”

“இருநூறு வருஷமா?” என்றாள் கஸ்தூரி. “இந்த ஸ்க்ரூ கடைக்கு வந்தே நூறு வருஷம் ஆகல. கவிநிலா திருப்பிப் பார்த்த நிமிஷமே சொல்லியிருப்பாங்க. அதான் பௌர்ணமிக்கு முன்னாடி திருட்டுப் போச்சு.”

“அது... இடையில் சீரமைத்தபோது போட்டது...”

“அப்ப அதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே. மெத்தைக்கு அடியில எதுக்கு?”

பிரசாத்ஜி பதிலுக்காக மேலே பார்த்தார். மேலே கொக்கி மட்டுமே இருந்தது.

செழியன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஸ்டேஷனுக்கு போன் போட்டு, பாலாஜியை வெளியே உட்காரவைக்கச் சொன்னார், டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார், பேப்பர் எதுவும் போட வேண்டாம் என்றார். பிறகு தமிழ்செல்வியிடம், முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்.

“உன் வூட்டுக்காரன் பேர் எங்கயும் ஏறலம்மா. வெரிஃபிகேஷன் வந்தா நானே நல்லபடியா எழுதி அனுப்பறேன். போய் ஒரு ஆட்டோ புடிச்சிக் கூட்டிகினு போ.”

தமிழ்செல்வி நகரவில்லை.

“ஆட்டோ வேணாங்க சார்.”

“பின்ன?”

“காலைல ஜீப்புல வந்துதானே கூட்டிகினு போனீங்க? எங்க தெரு முழுக்க வெளிய வந்து பார்த்துச்சு. கடை போடறவங்க, கிரிவலம் போறவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. அவரு திருடல்லனு நான் எத்தனை பேருக்குப் போய் சொல்லிகினு இருப்பேன்? நீங்களே கொண்டாந்து விடுங்க. அதே ஜீப்புல. முன் சீட்டுல.”

செழியன் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி தன் கைப்பேசியில் எதையோ மிகுந்த அக்கறையோடு துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றார் கடைசியில். “வா. நானே ஓட்டறேன்.” பிரசாத்ஜியைப் பார்த்து விரலை ஆட்டினார். “இவரைப் பின்னாடி ஏத்து மாறா. ஸ்டேஷன்ல இறக்கிட்டுப் போலாம்.”

வெயில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அடி அண்ணாமலைக்குத் திரும்பும் கிரிவலப் பாதையில் ஜீப் நுழைந்தபோது முன்னிருக்கையில் பாலாஜி கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்து தமிழ்செல்வி அவன் தோளைத் தட்டினாள்.

“நிமிந்து உக்காருய்யா.”

அவன் நிமிர்ந்தான். முதல் கடைகள் கண்ணில் பட ஆரம்பித்தன.

“சார்,” என்றாள் தமிழ்செல்வி, “சைரன்?”

“அதெல்லாம் போடக் கூடாதும்மா. அவசரத்துக்கு மட்டும்தான்.”

“காலைல போட்டீங்களே.”

செழியன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு கை நீட்டி சுவிட்சைத் தட்டினார். தெருவில் ஒவ்வொரு வாசலாகத் திறந்தது.